புகையும் மனமும்

புகையிலையைப் பற்றி வள்ளுவர் ஒன்றும் கூறவில்லை, கூறியிருக்கவும் இயலாது. அமெரிக்கக் கண்டத்துச் செடியாகிய அது, போர்த்துகீசியர் வழியாக நம் நாட்டுக்கு வந்து நானூறு ஆண்டுகளுக்குச் சற்று மேல்தான் ஆகிறது. 1617-இல் மொகலாய மன்னர் ஜஹாங்கீர் அதனைத் தடை செய்தார் என்றால், வந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே அது எத்துணை வேரூன்றிவிட்டது என்பது விளங்கும். மன்னரின் ஆணை ஏட்டில் நின்றது. நாடு புகைத்துக்கொண்டே இருந்தது. கள்ளுக்கு ஓர் அதிகாரம் வகுத்த ஆசான் புகைக்கு ஒன்றும் வகுக்கவில்லையே என்று புகைப்பவர் வேடிக்கையாகச் சொல்லி மகிழ்வதுண்டு. நாமும் ஒரு காலத்தில் அவ்வாறு சொல்லி மகிழ்ந்தவர்தாம்.

ஆயினும் புகைப்பவனுக்கு வேண்டியதை அவர் வேறோரிடத்தில் வைத்திருக்கிறார். இன்று வழங்கும் வரிசையில் மெய்யுணர்தல் 36ஆம் அதிகாரம். அவாவறுத்தல் 37ஆம் அதிகாரம். அறுத்தலுக்கு முன்னர் உணர்தல் வருகிறது. இவ்வரிசையின் அருமையை நாம் உரை நூல்களில் கற்கவில்லை. இருபத்திரண்டு ஆண்டுகள் சிகரெட் புகைத்து, அதனை விட முயன்று பன்முறை தோற்ற பிறகே கற்றோம்.

அந்தத் தோல்விகள் யாவும் ஒரே வகையின. நாம் அவாவை அறுக்கப் புறப்பட்டோமே யன்றி, அது யாது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. புத்தாண்டு நாளில் ஒரு சூள். சபரிமலைக்கு மாலை அணிந்தபோது ஒரு விரதம், மாலையைக் கழற்றிய அன்றே அதன் முடிவு. ஒருமுறை, எட்டு வயதாயிருந்த எம் மகளின் தலைமீது கைவைத்து ஆணையிட்டோம். நான்காம் நாள் அலுவலக மாடிப்படியின் அடியில் நின்று புகைத்தோம். பிறகு ஏலக்காயை மென்றுகொண்டு வீடு சென்றோம். குழந்தை ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டபோது மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது இன்றும் நினைவில் நிற்கிறது. புகை நுரையீரலைக் கரித்ததோ இல்லையோ, அந்தப் பொய் நெஞ்சைக் கரித்தது. அதன் பிறகு சிகரெட்டின் எண்ணிக்கை குறையவில்லை. ஏலக்காயின் செலவுதான் கூடிற்று.

தியானம் பயின்றால் இப்பழக்கம் போகும் என்று நண்பர் ஒருவர் கூறியபோது நமக்கு முதலில் எழுந்தது நம்பிக்கையன்று, கூச்சம். பிறவியை அறுப்பதற்கென்று பெரியோர் கண்ட நெறியை, பத்து ரூபாய்ச் சிகரெட்டை விடுவதற்குப் பயன்படுத்துவது தகுமா? மாதுங்காவில் நாம் மதித்த முதியவர் ஒருவர் இதனைக் கேட்டு, "விரலில் பட்ட மைக்கறையைப் போக்கக் காவிரிக்குப் போவானேன்?" என்றார். அக்கேள்விக்கு அன்று நம்மிடம் விடை இல்லை. விடை இல்லாமலே சென்றோம்.

கோயங்கா அவர்கள் 1969-இல் பர்மாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்த விபாசனை முறையில் பத்து நாட்கள். விடியற்காலை நான்கு மணிக்கு எழுதல். பேச்சு இல்லை, நூல் இல்லை, புகையிலையும் இல்லை. முதல் மூன்று நாட்கள் மூக்கின் அருகே வந்துபோகும் மூச்சைக் கவனிப்பதே தொழில். பின்னர் உடலெங்கும் தோன்றும் உணர்ச்சிகளைக் கவனித்தல். இரண்டாம் நாள் மாலை, தேநீருக்குப் பின், வழக்கமான நேரத்தில் வேட்கை வந்தது. இருபத்திரண்டு ஆண்டுகளில் முதன்முறையாக அதனை நேருக்கு நேர் பார்த்தோம். தொண்டையின் அடியில் ஒரு வறட்சி. மார்பில் ஒரு பிடிப்பு. வலக்கையின் இரு விரல்களில் ஒரு துடிப்பு. 'சிகரெட் வேண்டும்' என்று நாம் அதுவரை பெயரிட்டிருந்தது இவ்வளவே. அது ஏறிற்று, இனித் தாங்காது என்னும் எல்லையைத் தொட்டது, சில நிமிடங்களில் தானே இறங்கிற்று. நாம் அதற்கு ஒன்றும் செய்யவில்லை. மெய் என்னும் சொல் உண்மையையும் குறிக்கும், உடலையும் குறிக்கும். வள்ளுவர் அவ்வதிகாரத்தில் உடலைக் கருதவில்லை என்பதை அறிவோம். எனினும் அன்று மாலை நமக்கு இரண்டும் ஒன்றாகவே பட்டன.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. உள்ளிழுத்த நிகோடின் இருபது நொடிகளுக்குள் மூளையைச் சேர்கிறது. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் குருதியில் அதன் அளவு பாதியாகக் குறைகிறது. குறையக் குறைய உடல் மீண்டும் கேட்கிறது. கேட்டதைக் கொடுத்தால் அமைதி பிறக்கிறது. அவ்வமைதியைச் சிகரெட் நமக்குத் தந்த பரிசென்று எண்ணுகிறோம். முன்பு பிடித்த சிகரெட் உண்டாக்கிய கலக்கத்தையே இப்போது பிடிப்பது தணிக்கிறது. வீட்டுக்குத் தீ வைத்தவனே நீர் கொண்டுவந்து ஊற்றிவிட்டுக் கூலி கேட்பது போன்றது இது. இதனை மருத்துவர் பன்முறை நமக்குச் சொல்லியிருந்தார். சொல்லக் கேட்டது வேறு, கண்டது வேறு.

இவ்வளவும் கண்டபின் என்ன நடந்தது? பத்தாம் நாள் கடந்து ஊர் திரும்பினோம். மலையிறங்கி வந்த ரயில் கல்யாணில் நம்மை இறக்கிவிட்டது. நிலையத்துக்கு வெளியே தேநீர்க் கடை. அதனை ஒட்டிப் பெட்டிக்கடை. வேட்கை எழுந்தது; எழுவதைக் கண்டோம்; கண்டுகொண்டே வாங்கினோம்; கண்டுகொண்டே பற்றவைத்தோம். குற்றம் முழுவதும் நம்முடையதே. ஆனால் ஒன்று நம்மைத் திகைக்க வைத்தது. அறிந்தால் விட்டுவிடுவோம் என்றன்றோ எண்ணியிருந்தோம்? அறிந்தபின்னும் கை ஏன் நீண்டது?

இக்கேள்வி நமக்கு மட்டும் உரியதன்று. இராமகிருஷ்ண பரமஹம்சர் ஹூக்கா புகைத்தவர், விவேகானந்தரும் புகைத்தவர். பரமஹம்சர் 1886-இல் தொண்டைப் புற்றுநோயால் மறைந்தார். மும்பையில் கேத்வாடியில் வாழ்ந்த நிசர்கதத்த மகராஜ் பீடிக்கடை நடத்தியவர். மெய்ப்பொருள் பற்றிப் பேசும்போதும் பீடி புகைத்தவர். 1981-இல் அவரையும் தொண்டைப் புற்றுநோயே கொண்டுசென்றது. புகைதான் காரணம் என்று தீர்ப்புக் கூற நாம் மருத்துவர் அல்லர். இதனைக் கேட்டதும் புகைப்பவன், "அப்படியானால் புகைத்தால் என்ன?" என்பான், புகைக்காதவன், "அப்படியானால் அவர்கள் ஞானம் என்ன ஞானம்?" என்பான். இரண்டும் அவசர முடிவுகள் என்பதே நம் கருத்து. உள்ளத்தின் தெளிவு ஒன்று, உடலின் பழக்கம் மற்றொன்று. முன்னது வாய்த்தால் பின்னது தானே உதிரும் என்பதற்கு அப்பெரியோர் வாழ்வே சான்றாக நிற்கவில்லை. தியானம் கண்ணைத் திறக்கும். கையைப் பிடித்து நிறுத்தாது.

ஆராய்ச்சியாளரும் இதற்கு மாறாகக் கூறக் காணோம். 2011-இல் அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தார் 88 பேரிடம் நடத்திய ஆய்வில், கவனப் பயிற்சி பெற்றவருள் 31 விழுக்காட்டினர் பதினேழு வாரங்களுக்குப் பின்னும் புகையாதிருந்தனர். வழக்கமான பயிற்சி பெற்றவருள் அவ்வாறிருந்தவர் 6 விழுக்காட்டினரே. படித்தவுடன் உள்ளம் துள்ளத்தான் செய்கிறது. ஆனால் 2022-இல் காக்ரேன் அமைப்பினர் பல ஆய்வுகளை ஒருங்கே திரட்டி நோக்கியபோது, பிற உதவிகளைக் காட்டிலும் இது தெளிவாக மேம்பட்டது என்று சொல்ல இயலவில்லை. தியானத்தை மாத்திரையைப் போல விற்பவர் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று. நிகோடின் கலந்த மெல்லும் பசையை மருத்துவர் தரின், அதனை ஏற்பது தியானத்துக்கு இழுக்கு என்பாரோடும் நமக்கு உடன்பாடில்லை. நாம் ஏற்றோம்.

பின்னர் தியானத்தால் நமக்கு ஆனது யாது? கல்யாணில் அந்தச் சிகரெட்டைப் புகைத்து முடித்தபின், வழக்கம்போல் கை சட்டைப்பையில் ஏலக்காயைத் தேடிற்று. தேடுவதைக் கண்டோம். வேட்கையைப் போலவே அதுவும் உடலில் எழுந்த ஒன்று: முகத்தில் ஒரு வெம்மை, வயிற்றில் ஒரு சுருக்கம். அதன் பெயர் நாணம். அந்நாணத்தை மறைக்கவே பொய். பொய்யின் உறுத்தலைத் தணிக்க அடுத்த சிகரெட். இச்சங்கிலியில் நிகோடினுக்கு ஒரு கண்ணிதான். எஞ்சிய கண்ணிகள் நாம் கோத்தவை. ஏலக்காய் மெல்லாமல் வீடு சென்றோம். கழுத்தைக் கட்டிக்கொண்ட மகளிடம், "இன்று ஒன்று புகைத்துவிட்டேனம்மா" என்றோம். அவள் சிறிது நேரம் முகத்தைப் பார்த்தாள். "நாளைக்கு?" என்றாள். "தெரியாது, மாலையில் வந்து உள்ளதைச் சொல்கிறேன்" என்றோம்.

அன்றிலிருந்து ஆணையும் சூளும் இல்லை. நாள்தோறும் காலையில் அரைமணி நேரம் அமர்தல். மாலையில் மகளிடம் எண்ணிக்கை கூறல். ஐந்து, மூன்று, ஒன்று, மீண்டும் நான்கு என்று அது ஏறியும் இறங்கியும் ஏழு மாதங்கள் சென்றன. ஏதோ ஒரு வாரத்தில் அவள் கேட்பதையே மறந்துபோனாள். சொல்வதற்கும் நம்மிடம் ஒன்றும் இல்லாதிருந்தது.

மாதுங்கா முதியவர் இப்போது இல்லை. இருந்திருந்தால், மைக்கறையோடுதான் சென்றோம், ஆனால் இறங்கியபின் தலையும் நனைந்துவிட்டது என்று அவரிடம் சொல்லியிருப்போம். ஆடி மழை பெய்யும் மாலைகளில் தேநீர்க் கோப்பையைக் கையில் எடுக்கும்போது அந்த இரு விரல்களின் துடிப்பு இன்றும் வருகிறது. வந்து, சற்று இருந்து, தேநீர் ஆறுமுன் போகிறது.