ஓய்வுநாள் யாருக்கு?

கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் நம் அன்பியக் கூட்டங்களில் தவறாமல் எழும் பேச்சு ஒருநாள் சுற்றுலா. மதுரையிலிருந்து கொடைக்கானல் ஏறத்தாழ 120 கிலோமீட்டர். அதிகாலை 3 மணிக்குப் புறப்பட்டால் நள்ளிரவுக்குள் வீடு திரும்பலாம். அறை வாடகை இல்லை. காலை உணவும் புளிச்சோறும் கையோடு வரும். சில ஆண்டுகளுக்கு முன் தலைக்கு 750 ரூபாயில், 11 இடங்கள் காட்டப்படும் என்ற உறுதியோடு நம் பங்கிலிருந்து ஒரு பேருந்து ஞாயிறன்று புறப்பட்டது. நாமும் அதில் இருந்தோம்.

வத்தலக்குண்டைக் கடந்து மலையேறத் தொடங்கியபோது பொழுது புலர்ந்தது. மஞ்சளாறு அணை கீழே வெள்ளித் தட்டாய்க் கிடக்க, எதிர்மலையில் 297 மீட்டர் உயரத்திலிருந்து தலையாறு அருவி எலிவாலைப் போல் மெலிந்து தொங்கியது. மேலே செல்லச் செல்ல வெள்ளி அருவி. அதில் விழுவது கொடைக்கானல் ஏரியிலிருந்து வழியும் நீர்தான். அந்த ஏரியோ, மதுரை ஆட்சியராயிருந்த வேரே லெவிஞ்ச் என்பவர் 1863இல் உருவாக்கியது. நாம் வியந்து நின்ற பைன் காடும் தானே முளைத்ததன்று, நட்டு வளர்த்தது. இயற்கை, இயற்கை என்று நாம் போற்றியவற்றில் பாதிக்குப் பின்னால் மனிதக் கைகள் இருந்தன. அக்கைகள் எவருடையவை என்று வழிகாட்டி சொல்லவில்லை; நாமும் கேட்கவில்லை.

சலேத் அன்னை ஆலயத்தில் திருப்பலி கண்டோம். 1846ஆம் ஆண்டு பிரான்சு நாட்டு மலைச்சரிவில் மாடு மேய்த்த இரு சிறார்களுக்கு அழுதகண்ணோடு தோன்றிய அன்னை அவர். ஏழாம் நாளை மக்கள் இறைவனுக்கென ஒதுக்கவில்லை என்பது அன்று அவர் சொன்ன மனக்குறைகளுள் ஒன்று. திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது, ஓட்டுநர் ஏணியில் நின்று முகப்புக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அது ஏழாம் நாள்தான்.

தூண் பாறையில் அனைவரும் இறங்கினோம். அவர் மட்டும் இறங்கவில்லை. "தம்பி, நீங்கள் பார்க்க வரவில்லையா?" என்றோம். "பதினாலு வருசமா வர்றேன் சார், இன்னும் பார்த்ததில்லை. நீங்க பார்க்கிற நேரத்துலதான் நான் கண்ணை மூட முடியும்" என்று சொல்லி, பெட்டிகள் வைக்கும் அறைக்குள் கால்களை மடக்கிப் படுத்துக்கொண்டார். முந்தைய இரவு ஒரு திருமண வீட்டாரை இறக்கிவிட்டு நேரே நம்மிடம் வந்தவர் என்பது பின்னர் தெரிந்தது. மாலையில் வழிகாட்டி நம்மை ஒரு குறிப்பிட்ட கடைக்கே அழைத்துச் சென்றபோது, தரகு வாங்குகிறான் என்று பேருந்தில் பலர் முணுமுணுத்தனர். வாங்கினார் என்பது உண்மையே. ஆனால் நாம் தந்த கட்டணத்தில் அவருடைய நாட்கூலிக்கு எவ்வளவு ஒதுங்கியிருக்கும் என்று ஒருவரும் கணக்கிட்டுப் பார்க்கவில்லை.

இறங்கும்போது பாட்டு ஓய்ந்து அனைவரும் உறங்கிவிட்டோம். ஒரு கொண்டையூசி வளைவில் வண்டி குலுங்கி நின்றது. ஓட்டுநர் இறங்கிச் சாலையோரத்தில் முகம் கழுவிவிட்டு வந்து மீண்டும் இருக்கையில் அமர்ந்தார். அன்று ஒன்றும் நேரவில்லை.

இளைப்பாறுதல் பாவமன்று. விளையாட்டும் பொழுதுபோக்கும் ஆன்மாவுக்குத் தேவை என்று கூறும் புனித அக்குவினாஸ் தோமையார், பழைய துறவியர் கதை ஒன்றை எடுத்துக்காட்டுகிறார். சீடரோடு விளையாடிய நற்செய்தியாளர் யோவானைக் கண்டு சிலர் முகம் சுளித்தனராம். வில்லோடு நின்ற ஒருவனை ஓயாமல் அம்பெய்ய முடியுமா என்று யோவான் கேட்க, வில் முறிந்துபோகும் என்றானாம் அவன். நம் மனமென்னும் வில்லுக்காக இக்கதையை நாம் விரும்பி மேற்கோள் காட்டுகிறோம். ஆனால் அன்று நாணேற்றியபடியே நின்றது யாருடைய வில்? விடுதலைப் பயண நூலின் 23ஆம் அதிகாரம் ஓய்வுநாளுக்குச் சொல்லும் காரணம் வியப்பானது. உன் மாடும் கழுதையும் இளைப்பாற வேண்டும், அடிமைப் பெண்ணின் மகனும் அந்நியனும் மூச்சுவிட வேண்டும், ஆகவே நீ வேலையை நிறுத்து என்பதே அதன் கருத்து. நாமோ நம் ஓய்வுக்காக அவர்களை ஓட்டுகிறோம். நாட்டுச் சட்டமும் இதை அறியாததன்று. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி நேர வேலையையும், 5 மணி நேரத்துக்குப்பின் அரைமணி இடைவேளையையும் பொதுவிதியாக வகுத்தது.

அப்படியானால் கட்டணத்தை உயர்த்திவிடலாமே என்று எளிதாகச் சொல்லிவிடலாம். நம் பேருந்தில் துணி தேய்த்துப் பிழைக்கும் கைம்பெண் ஒருவர் இருந்தார். அந்த 750 ரூபாயைப் பல மாதங்கள் சேர்த்துவைத்து வந்தவர். மூடுபனி முகத்தில் பட்டபோது சிறுமியைப் போல் சிரித்தார். இரண்டாம் ஓட்டுநரை அமர்த்திக் கட்டணம் ஆயிரத்தைத் தாண்டியிருந்தால் அவர் வீட்டிலேயே இருந்திருப்பார். ஓர் ஏழையின் களிப்புக்கு இன்னோர் ஏழையின் உறக்கம் விலையாகும்போது நீதி எப்பக்கம் நிற்கும்? வசதியுள்ளோர் கூடுதலாகத் தரலாம், தரவும் வேண்டும். ஆயினும் எண்ணிப் பார்த்தால், ஓட்டுநரின் உறக்கத்தைப் பறித்தது குறைந்த கட்டணம் மட்டுமன்று. அந்தப் 11 என்னும் எண்ணுந்தான். கொடுத்த காசுக்கு எத்தனை இடம் என்று எண்ணிய நம் பேராசைக்கு ஏழை, செல்வர் என்ற வேறுபாடு இருக்கவில்லை.

இவ்வாண்டு அன்பியக் கூட்டத்தில் நீண்ட வாக்குவாதத்துக்குப்பின் மூன்று இடங்கள் போதுமென்று முடிவாயிற்று. முதல்நாள் இரவு வேறு பயணம் செல்லாத ஓட்டுநரே வேண்டும் என்று கேட்டு வாங்கினோம். இயன்றோர் ஆளுக்கு 100 ரூபாய் கூடுதலாகத் தந்தனர். திருப்பலிக்குப்பின் வண்டி ஏரிக்கரையருகே நான்கு மணி நேரம் அசையாமல் நின்றது. அந்தத் தாய் கரையோரம் அமர்ந்து படகுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். உறங்கி எழுந்த ஓட்டுநர் வேகவைத்த மக்காச்சோளம் ஒன்றை வாங்கிக்கொண்டு ஏரியைச் சுற்றி நடக்கப் புறப்பட்டார். திரும்பும் வழியில் இளைஞர் சிலர் நம்மிடம் கோபித்துக்கொண்டனர். 2024இல் வந்த மலையாளப் படத்தால் மீண்டும் பேசப்பட்ட குணா குகையைக் காட்டாமலே அழைத்து வந்துவிட்டோமாம்.