யாருடைய பயணம்?

பனாமாவிலிருந்து கொலம்பியாவின் கார்த்தஹேனாவுக்குப் பாய்மரப் படகில் போவது, முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு உலகம் சுற்றும் இளைஞர்களிடையே பிரசித்தம். நான்கைந்து நாள். முதலில் சான் பிளாஸ் தீவுகள், குனா இனத்தாருடைய தென்னந்தீவுகள்; நீச்சல், மீன், தூளித் தூக்கம். பிறகு கரை தெரியாத கடல், வாந்தி. இந்தப் படகுகள் ஓடுவதற்கு ஒரு காரணம் உண்டு. அலாஸ்காவிலிருந்து தென்கோடிவரை போகும் நெடுஞ்சாலை டேரியன் காட்டில் சுமார் 100 கிலோமீட்டர் அறுந்து கிடக்கிறது. சாலை இல்லாத இடத்தைப் படகு சுற்றிக்கொண்டு போகிறது. அதே காட்டை 2023ஆம் ஆண்டில் மட்டும் 5,20,000 பேருக்கு மேல் வடக்கு நோக்கி நடந்து கடந்தார்கள். அவர்கள் முதுகிலும் பை இருந்தது.

இரண்டு கூட்டமும் தாண்டுவது ஒரே அறுந்த சாலையை. ஒன்றின் பெயர் பயணம். மற்றதற்கு இடப்பெயர்ச்சி, ஊடுருவல், பிழைப்பு என்று பல பெயர்கள். பயணம் என்பது மட்டும் அவற்றில் சேராது. இது வெறும் சொல் விவகாரம் என்று எனக்குப் படவில்லை. பயணி என்று ஒருவனை அழைக்கும்போது அவனுக்கு ஓர் அகம் இருப்பதை ஒப்புக்கொள்கிறோம். பார்க்கிறான், வியக்கிறான், வேறு ஆளாகத் திரும்புகிறான். மற்றவனிடம் நாம் ஒப்புக்கொள்வது வயிற்றை மட்டும்.

கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே தள்ளி, பாகலூரில் உட்கார்ந்துகொண்டு தீவுப் படகுகளைப் பற்றி எழுதுவது விநோதமாகத் தோன்றலாம். ஆனால் அந்தப் பை இங்கே தினசரிக் காட்சி. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ஓசூர் ரயில் நிலையத்தில் வந்து இறங்கும் பையன்கள் அதைத்தான் மாட்டியிருக்கிறார்கள். தொழிற்பேட்டைக்கு, கட்டட வேலைக்கு, பசுமைக்குடில்களில் ரோஜா அறுக்க. நான்கு நாள் சேர்ந்தாற்போல விடுமுறை வந்தால், அடுக்குமாடிகளிலிருந்து அந்தமானுக்குக் கிளம்புகிறவர்கள் முதுகிலும் அதே பை, கொஞ்சம் விலை கூடியது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசும் எல்லைப் பிரதேசத்தில் நான்காவதாக ஒரு மொழியோடு வந்து நிற்கிறான் அந்தப் பையன். தீவுக்குப் போய் வந்தவனிடம் "எப்படி இருந்தது?" என்று கேட்கிறோம். இவனிடம் கேட்பது, "எவ்வளவு தர்றாங்க?"

உல்லாசப் பயணியின் ஆபத்து பாவனை, மற்றவனுடையதே நிஜம் என்று சொல்கிறவர்கள் உண்டு. இது சௌகரியமான வாதம், உண்மை இல்லை. எதற்காக வந்தாய் என்று கடல் யாரையும் கேட்பதில்லை. வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் 32 அடிப் படகொன்றில் 1928 முதல் 1931 வரை உலகைச் சுற்றியவர். 1934இல் கலாபகஸ் தீவுகளில் குடல்வால் வெடித்துச் சாகக் கிடந்தார். பாவனைச் சாவு அல்ல அது. ஆனால் பனாமாக் கால்வாய்ப் பகுதியிலிருந்து அவருக்காகக் கடற்படை விமானங்களும் ஒரு போர்க்கப்பலும் வந்தன. ஆபத்து இருவருக்கும் பொதுதான். யாருக்காக விமானம் கிளம்பும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 1983க்குப் பிறகு மன்னார்க் கரையில் தோணி ஏறிய அகதிகள் பலரைத் தனுஷ்கோடிக்கு அருகே மணல்திட்டுகளில் இறக்கிவிட்டுப் படகுகள் திரும்பின. 2022லும் அது நடந்தது. அந்தத் திட்டுகளும் வெப்பக்கடல் தீவுகள்தான். படம் எடுத்தால் அழகாகவே இருக்கும்.

இதே ராபின்சன் நம் கதைக்குள்ளும் வருகிறார். யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் 1930இல் கட்டப்பட்ட, 89 அடி நீளமுள்ள 'அன்னபூரணி அம்மாள்' என்ற பாய்மரக் கப்பலை அவர் வாங்கினார். செங்கடல், மத்தியதரைக் கடல், அட்லாண்டிக் என்று கடந்து 1938 ஆகஸ்ட் 1ஆம் தேதி அது மாசசூசெட்ஸின் குளோஸ்டர் துறையை அடைந்தது. பாய் விரித்துச் சுருட்டியவர்கள் வல்வெட்டித்துறைக்காரர்கள் ஐந்து பேர். கப்பலின் பெயர் 'ஃப்ளாரன்ஸ் சி. ராபின்சன்' என்று ஆயிற்று. வாங்கியவரின் மனைவி பெயர். அம்மனை இறக்கிவிட்டு மனைவியை ஏற்றியதில் குற்றம் சொல்ல ஏதுமில்லை, காசு கொடுத்தவர் அவர். பர்மாவுக்கும் தமிழகக் கரைக்கும் சரக்கேற்றிப் போய் வந்த ஊர்க்காரர்களுக்கு இதுவும் ஒரு கூலி வேலை. இருந்தும் கேள்வி நிற்கிறது. அட்லாண்டிக்கைக் கடந்த அந்தப் பயணம் யாருடையது? விரும்பியவருடையதா, செய்தவர்களுடையதா?

செய்தவர்களுடையது என்பார் முற்போக்கு விமர்சகர். சரி. ஆனால் அவர் அதோடு நிற்பதில்லை. தேவை துரத்திற்று, போனார்கள் என்று கணக்கை முடித்துவிடுகிறார். சாகசக்காரர் கப்பலின் பெயரை எடுத்துக்கொண்டார் என்றால், இவர் மாலுமிகளின் கண்ணை எடுத்துக்கொள்கிறார். இதில் எது பெரிய களவு என்று எனக்குச் சந்தேகம் உண்டு. பழகிய வங்காள விரிகுடாவை விட்டு, திசையே மாறிய கடல்களுக்குச் சம்மதித்த ஐவரிடம், அங்கே என்னதான் இருக்கிறது பார்த்துவிடலாம் என்ற ஒன்று துளியும் இருந்திராது என்று தீர்மானிக்க நாம் யார்? ஆசையும் கூலியும் ஒரே மனிதனுக்குள் இருக்கக்கூடாது என்பது வசதியுள்ளவர்கள் செய்துகொண்ட பாகப்பிரிவினை. 1972இல் வெளிவந்த 'புயலிலே ஒரு தோணி'யில் ப. சிங்காரம் அதை மதிக்கவில்லை. மலாக்கா நீரிணையில் தொங்கானில் போகிறவர்கள் வியாபாரத்துக்காகப் போகிறவர்கள்தாம். புயல் அவர்களுக்கு வெளியே மட்டும் அடிக்கவில்லை. தமிழில் கடலை எழுதியவர்களில் இந்த நியாயத்தைச் செய்தவர் அவர்.

ரோஜாக் குடிலில் வேலை செய்யும் பையன் ஞாயிற்றுக்கிழமை ஓசூர் சந்திரசூடேஸ்வரர் மலையில் ஏறி நிற்கிறான். கீழே விரியும் ஊரையும் தொழிற்கூரைகளையும் கைபேசியில் பிடித்து வீட்டுக்கு அனுப்புகிறான். அவன் அம்மாவுக்கு அது பயணியிடமிருந்து வந்த சேதி.

வல்வெட்டித்துறை அந்த ஐவரை மறக்கவில்லை; கப்பலின் பழைய பெயரையும் மறக்கவில்லை. அதெல்லாம் ஊர்ப் பெருமையாகப் பத்திரமாக இருக்கிறது. ஊர் திரும்புமுன், அந்த ஆகஸ்டின் ஏதோவொரு மாலையில், குளோஸ்டர் தெருக்களில் அவர்கள் எதைப் பார்க்க நடந்தார்கள் என்று கேட்க நமக்குத்தான் தோன்றுவதில்லை.