தெரியாது என்பது பதிலாகுமா?

சென்ற மழைக்காலத்தில் நமது கடையில் நடந்த ஒரு சிறு காரியத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். கொத்தமல்லி மூட்டை ஒன்று வந்தது. வாயைப் பிரித்தோம்; மேற்புறம் நன்றாகக் காய்ந்து மணமாக இருந்தது. நிறுத்து விற்கத் தொடங்கிவிட்டோம். இரண்டு நாள் கழித்து, முன்பு பால்மரத் தோட்டமாக இருந்து இப்போது வீடமைப்பாகிவிட்ட இடத்திலிருந்து வரும் வயதான அம்மா ஒருவர், தாம் வாங்கிய பொட்டலத்தைக் கொண்டுவந்து மேசைமேல் கொட்டினார். பாதிக்குமேல் பூஞ்சணம். மூட்டையின் நடுவில் எங்கோ ஈரம் இறங்கியிருந்தது. “அம்மா, சத்தியமாக நமக்குத் தெரியாது” என்றோம். அவர் கோபப்படவில்லை. “தெரியலையா பாய், பாக்கலையா?” என்று கேட்டார்.

பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம், அது பெரிதல்ல. அந்தக் கேள்விதான் கல்லாவில் உட்காரும்போதெல்லாம் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. நபி பெருமானார் (ஸல்) அவர்கள் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்த நிகழ்ச்சி நம்மவர் எல்லோருக்கும் தெரிந்ததே. மேலே காய்ந்திருந்தது, உள்ளே ஈரம். மழை நனைத்துவிட்டது என்று வியாபாரி காரணம் சொன்னார். நனைந்ததை மேலே வைத்திருக்கலாமே என்றுதான் அவரிடம் கேட்கப்பட்டது. அந்த வியாபாரிக்காவது உள்ளே ஈரம் இருப்பது தெரிந்திருந்தது. நமக்குத் தெரியாது. அதனால் நமது குற்றம் அவருடையதைவிடக் குறைந்ததா? அல்லது கைவிட்டுப் பார்க்கவே இல்லை என்பதனால் வேறொரு குற்றமா? இந்தக் கேள்வியைக் கொத்தமல்லியிலிருந்து தண்ணீருக்குக் கொண்டுபோகவே இக்கட்டுரை.

ஈப்போவைச் சுற்றி மலையடிவாரங்களில் ஊற்றுநீர் பிடிக்கும் வழக்கம் நம்மவரிடையே உண்டு. பாறையிடுக்கில் யாரோ ஒரு குழாயைச் செருகியிருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் காரிலும் மோட்டார் சைக்கிளிலும் பிளாஸ்டிக் கேன்களோடு வரிசை நிற்கும். அந்தத் தண்ணீரில் போட்ட தேநீருக்குத் தனி ருசி என்று சத்தியம் செய்கிற சாப்பாட்டுக் கடைக்காரர்களை நாம் அறிவோம். நாமும் பிடித்திருக்கிறோம்.

இந்தக் கிந்தாப் பள்ளத்தாக்கின் தரை எப்படிப்பட்டது என்பதைக் கொஞ்சம் அறிந்துகொள்ள வேண்டும். ஊரைச் சுற்றிச் செங்குத்தாக நிற்கின்றனவே வெள்ளைக் குன்றுகள், அவை சுண்ணாம்புப் பாறை. பள்ளத்தாக்கில் நம் காலடி மண்ணுக்குக் கீழேயும் பெரும்பகுதி அதே பாறைதான். மேற்கே நீண்டு கிடக்கும் கிளேடாங் மலைத்தொடரோ கருங்கல். சுண்ணாம்புப் பாறையை மழைநீர் காலங்காலமாகக் கரைத்து, உள்ளே ஓட்டையும் வழியும் குகையுமாக ஆக்கிவிடும். மணலில் இறங்கும் நீர் மெல்ல மெல்ல வடிகட்டப்படும். இந்தப் பாறை வழியில் அந்த வடிகட்டல் குறைவு. ஓரிடத்தில் உள்ளே போனது, தூரத்தில் நாம் எதிர்பாராத இடத்தில், சில வேளை சில நாளைக்குள்ளேயே ஊற்றாக வெளிவந்துவிடும். இதை அறிய விஞ்ஞானிகள் நிலத்தில் நீர் மறையும் இடத்தில் சாயத்தைக் கரைத்துவிட்டு, எந்த ஊற்றில் சாயம் வருகிறது என்று காத்திருந்து பார்க்கிறார்கள். ஆகவே ஊற்று என்பது நிலத்தடியின் வாய். உள்ளே நடப்பதை அது வெளியே சொல்லும். கேட்க ஆள் வேண்டும்.

நிற்க. ஈப்போவை அடுத்த லஹாட் பக்கம் புக்கிட் மேரா என்னும் ஊரில் நடந்ததை நம் பெரியவர்கள் அறிவார்கள். இளைஞர்கள் பலர் அறியார். ஈய லம்பங்களில் ஈயத்தைப் பிரித்த பிறகு மிஞ்சும் மணலுக்கு ‘அமாங்’ என்று பெயர். அதில் மோனசைட் என்றொரு தாது உண்டு. வர்ணத் தொலைக்காட்சித் திரைக்கும் வேறு பலவற்றுக்கும் வேண்டிய அரிய மண் உலோகங்கள் அதில் இருக்கின்றன. கூடவே தோரியம் என்னும் கதிர்வீசும் பொருளும் இருக்கிறது. இதைப் பிரித்தெடுக்க ஆசியன் ரேர் எர்த் என்ற கம்பெனி 1979-ல் அமைக்கப்பட்டு, 1982-ல் ஆலை ஓடத் தொடங்கியது. மூலதனத்தில் ஜப்பானின் மிட்சுபிஷி கெமிக்கலும் பிஇஎச் மினரல்ஸும் பெரும் பங்குதாரர்கள். மற்றப் பங்குதாரர்களில் ஒன்று, ஹஜ்ஜுக்குச் செல்வோர் சிறுகச் சிறுகச் சேமிக்கும் தாபுங் ஹாஜி. இதை யாரையும் பழிப்பதற்காகச் சொல்லவில்லை. காசு போட்ட ஏழைக்கு அது எங்கே போய் வேலை செய்கிறது என்று தெரிந்திருக்க வழியில்லை. ஆனாலும் இச்செய்தியை முதன்முதலில் கேட்ட அன்று நமக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

தோரியக் கழிவை எங்கே வைப்பது? முதலில் பாரிட் பக்கம் பார்த்தார்கள்; மக்கள் எதிர்த்தனர். பிறகு பாப்பான் அருகே குழிகள் வெட்டப்பட்டன. 1984-ல் பாப்பான் மக்கள் சாலையை மறித்தார்கள். அவ்வாண்டு ஊர்மக்கள் அழைப்பில் சாடாவோ இச்சிகாவா என்ற ஜப்பானிய மரபியல் அறிஞர் வந்து, ஆலையைச் சுற்றிக் கருவி வைத்து அளந்தார். பக்கத்து வீட்டில் என்ன இருக்கிறது என்று அறிய, கடல் கடந்து ஒருவரை அழைக்க வேண்டியிருந்தது என்பதைக் கவனியுங்கள். 1985 ஜனவரியில், அப்போது பிரதமர் பொறுப்பைக் கவனித்த மூசா ஹீத்தாம், கிடங்கைக் கிளேடாங் தொடரில் முக்கிம் பெலாஞ்சாவுக்கு மாற்ற முடிவு செய்தார். பிப்ரவரியில் புக்கிட் மேராவாசிகள் எட்டுப் பேர் ஈப்போ உயர்நீதிமன்றம் ஏறினார்கள். அக்டோபரில் தடை கிடைத்தது. 1987-ல் உரிமம் பெற்று ஆலை மறுபடி ஓடியது. அந்த ஆண்டுதான் விசாரணையும் தொடங்கியது. 1992 ஜூலை 11-ந் தேதி நீதிபதி பே சுவீ சின், ஆலையைப் பதினான்கு நாளில் மூடும்படி தீர்ப்பளித்தார். 1993 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பைத் தள்ளியது. ஆயினும் 1994 ஜனவரியில் கம்பெனியே மூடுவதாக அறிவித்துவிட்டது. பிள்ளைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு ஆலை காரணமா என்பதில் இருதரப்பு நிபுணர்களும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. துப்புரவு மட்டும் பல ஆண்டு நடந்தது. சுமார் 10 கோடி அமெரிக்க டாலர் செலவு என்றும், 80,000-க்கு மேற்பட்ட உருளைகள் மலையில் புதைக்கப்படுவதாகவும் 2011-ல் செய்தி வெளிவந்தது.

தோரியம் பாதியாகத் தேய 1,400 கோடி ஆண்டு ஆகும். அது தண்ணீரில் எளிதில் கரையாது; அது ஓர் ஆறுதல். ஆனால் அதிலிருந்து பிறக்கும் ரேடியம் அதைவிட எளிதாக நீரில் கலக்கும். உடலுக்குள் போனால் சுண்ணாம்புச் சத்து என்று ஏமாந்து எலும்பு அதைச் சேர்த்துக்கொள்ளும். அந்த ரேடியம் ஆறாண்டுக்குள் பாதியாகிவிடும் என்று சொல்லித் தப்ப முடியாது. தாய் இருக்கும் வரையில் பிள்ளை பிறந்துகொண்டே இருக்கும். முதல் நிற்கும்போது வட்டியைக் கட்டித் தீர்ப்பதைப் போன்றது அது. (வட்டியை உவமைக்கு எடுத்ததற்கு ஆலிம்கள் பொறுத்தருள்வார்களாக.)

நமது ஊற்றுகள் கெட்டுவிட்டன என்று நாம் சொல்லவில்லை. கெடவில்லை என்றும் சொல்ல நம்மால் முடியாது. இங்கேதான் மார்க்கம் படித்த நண்பர் ஒருவர் நம்மை மடக்கினார். “நானா, உறுதியானது ஐயத்தால் நீங்காது என்று மத்ரஸாவில் ஓதினோமே! தண்ணீர் சுத்தம் என்பது அடிப்படை. உமர் (ரலி) அவர்கள் பிரயாணத்தில் ஒரு தடாகத்தை அடைந்தபோது, இங்கே வனவிலங்குகள் நீர் குடிக்குமா என்று உடன் வந்தவர் கேட்க, அதைச் சொல்லவேண்டாம் என்று தடாகத்துக்காரரிடம் சொல்லிவிட்டார்களே. நீங்கள் ஏன் துருவுகிறீர்கள்?” என்றார்.

நல்ல கேள்வி. ஓரிரவு முழுதும் யோசித்தோம். நமக்குத் தோன்றியது இதுதான்: ஒளுச் செய்ய ஏற்றதா என்பது ஒரு கேள்வி. குடித்தால் தீங்கு வருமா என்பது வேறு கேள்வி. நஜீஸ் அல்லாத நஞ்சும் உண்டு. அதைக் குடிக்க எந்த மத்ஹபும் அனுமதிக்கவில்லை. நம் உஸ்தாது ஹவுளின் ஓரத்தில் நம்மை உட்காரவைத்து, இரண்டு குல்லத்து அளவு, அதாவது ஏறத்தாழ 200 லிட்டர், நீர் இருந்தால் நிறம், ருசி, வாடை மூன்றில் ஒன்று மாறினாலன்றி அது நஜீஸாகாது என்று கற்பித்தார். கண்ணும் நாவும் மூக்கும் அங்கே சாட்சிகள். ரேடியத்துக்கு நிறமில்லை, கலந்திருக்கும் அளவில் ருசியில்லை, வாடையில்லை. மூன்று சாட்சிகளும் ஊமையாகிவிட்ட வழக்கில், சாட்சி சொல்ல யாரும் வரவில்லை, ஆகவே குற்றமில்லை என்று தீர்ப்பெழுதலாமா?

இன்னொன்று. சுத்தம் என்று வைத்துக்கொள் என்ற சலுகை, வழிப்போக்கன்மீது காட்டிய இரக்கம். தாகத்தோடு வருகிறவன் வஸ்வாஸில் மாட்டிச் சாகக்கூடாது என்பதற்காக அது. காட்டு விலங்கு தடாகத்தில் வாய் வைப்பது யாருடைய செய்கையும் அன்று. ஒருவர் தடாகத்தின் மேற்கரையில் தமது லாபத்திற்காக ஒரு பொருளைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, கீழ்க்கரையில் குடிப்பவனைப் பார்த்து, “கெட்டது என்று உன்னால் நிரூபிக்க முடியுமா?” என்று கேட்டால், அவர் குடிப்பவனுக்குரிய சலுகையைத் தமக்கு எடுத்துக்கொள்கிறார். அது அவருடையதன்று. வைத்தவரே பார்க்கவேண்டும், தமது செலவில், மறுபடியும் மறுபடியும்.

இதை மற்றவரை நோக்கி மட்டும் சொல்வது நமக்கு அழகல்ல. தாயகத்தில் ஆம்பூர், வாணியம்பாடி, திண்டுக்கல் தோல் பதனிடும் தொழிலில் நம்மவர் எத்தனை பேர் என்பது தெரியாததா? அந்த வழக்கில் இந்திய உச்சநீதிமன்றம் 1996 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. திண்டுக்கல் வட்டாரத்துப் பதின்மூன்று கிராமங்களில் பார்த்த 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன என்ற கணக்கு அத்தீர்ப்பில் வருகிறது. தமது செய்கையால் தீங்கில்லை என்று காட்டும் பொறுப்பு தொழில் நடத்துகிறவருடையதே என்று நீதிபதிகள் தெளிவாக எழுதினார்கள். கெடுத்தவரே ஈடுகட்டவேண்டும் என்றும் எழுதினார்கள். அந்தத் தொழிலில் வந்த பணத்தில் கட்டிய பள்ளிவாசலும் மத்ரஸாவும் உண்டு. தர்மம் செய்தவர்களும் நல்லவர்கள்தாம். கிணறு மட்டும் அவர்கள் கணக்கில் ஏறாமல் போயிற்று.

பார்ப்பது எப்படி என்று கேட்பீர்கள். ஒருமுறை ஒரு பாட்டிலில் பிடித்து அனுப்பிவிட்டு நிம்மதி அடைவது, மூட்டையின் வாயை மட்டும் பிரித்துப் பார்த்த நமது கதைதான். ஒரே ஊற்றில், ஒரே இடத்தில், வறண்ட மாதத்திலும் அக்டோபர் நவம்பர் கனமழைக்குப் பின்னும் பிடிக்கவேண்டும். பெருமழைதான் உள்ளே கிடப்பதைத் தள்ளிக்கொண்டு வரும். கருங்கல்லிலும் ஈய மணலிலும் இயற்கையாகவே கொஞ்சம் கதிர்வீச்சு உண்டு. ஆகவே கிடங்குக்கு எட்டாத தூரத்து ஊற்று ஒன்றையும் ஒப்புக்குச் சேர்த்துப் பார்க்கவேண்டும். இல்லையேல் மலையின் குணத்தைக் கிடங்கின் தலையில் கட்டிவிடுவோம், அதுவும் அநியாயமே. பரிசோதனைச் சாலையில் முதலில் ஆல்பா, பீட்டா என்னும் இருவகைக் கதிர்களின் மொத்த அளவைப் பார்ப்பார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் லிட்டருக்கு ஆல்பா 0.5 பெக்கரல், பீட்டா 1 பெக்கரல் தாண்டினால் மேற்கொண்டு எந்தப் பொருள் என்று துருவவேண்டும். தாண்டியது என்பதனாலேயே விஷம் என்று பொருளல்ல. எல்லாவற்றிலும் முக்கியம், வந்த கணக்கைப் பேரேடுபோல் வருடாவருடம் எழுதி எவரும் பார்க்கும்படி வைப்பது. நம் தராசுக்கு முத்திரை குத்த அதிகாரி வருகிறார். “நாம் நாணயஸ்தர், நம் படிக்கல்லைச் சோதிக்கவேண்டாம்” என்று எவரும் சொல்வதில்லை. சொன்னால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

கிடங்கைப் பார்ப்பது வைத்தவர்களின் கடமை, பார்க்கவைப்பது அரசாங்கத்தின் கடமை. அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் கேன் தூக்கிப்போய் அந்த நீரில் தேநீர் போட்டுக் காசு வாங்குகிற நமக்கு என்ன கடமை? குடிக்கிறவன் வழிப்போக்கன், விற்கிறவன் வழிப்போக்கனல்லவே. நாம் சலுகையின் அந்தப் பக்கத்தைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துவிட்டோம்.

இந்த யோசனையை ஒரு சாப்பாட்டுக் கடை நண்பரிடம் சொன்னோம். சங்கத்தில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, நாம் பிடிக்கிற இரண்டு ஊற்றையும் தூரத்து ஊற்று ஒன்றையும் வருடம் இருமுறை பரிசோதிக்கலாம் என்றோம். அவர் நெடுநேரம் பேசாமல் குவளையைத் துடைத்தார். பிறகு, “நானா, நல்லதாக வந்தால் சந்தோஷம். கெட்டதாக வந்தால் அதை மலரில் போடுவீர்களா?” என்றார். போடுவோம் என்றோம். “என் கடைப் பேர் வருமா?” என்றார். ஊற்றின் பேர் வரும், எவர் அங்கே பிடிக்கிறார் என்பது ஊருக்கே தெரியும் என்றோம்.

அவர் இன்னும் சம்மதம் சொல்லவில்லை. ஆனால் சென்ற இரண்டு வாரமாக அவர் கடையில் குழாய்த் தண்ணீரில்தான் தேநீர். ருசியில் நமக்கு வித்தியாசம் தெரியவில்லை.