பலகாரத் தட்டு செல்லும் தெருக்கள்: கிறிஸ்து பிறப்பு விழாவைக் கையளித்தல் குறித்து

பெற்றோர் தம் பிள்ளைகளுக்கு ஒரு சமய விழாவைக் கையளிக்கும்போது உண்மையில் எதைக் கையளிக்கிறார்கள் என்பது, எளிதாகத் தோன்றினாலும், இறையியலாளர்களும் மெய்யியலாளர்களும் இன்னும் முடிவு காணாத கேள்வியாகும். நம்பிக்கைக் கோட்பாடுகளை மறைக்கல்வி வகுப்பில் சொற்களாகக் கற்பிக்கலாம். ஆனால் குழந்தைப் பருவத்து விழா நினைவு அவ்வாறு கற்பிக்கப்படுவதன்று. பொருள் விளங்குவதற்கு முன்பே கைகளும் நாவும் பழகிக்கொள்வது அது. பொருள் அறியாமல் பழகிய ஒன்றை நம்பிக்கை என்று சொல்லலாமா, வெறும் வழக்கம் என்றே கொள்ள வேண்டுமா என்பதுதான் இங்கு எழும் வினா.

இவ்வினாவை ஆராய விழுப்புரம் மாவட்டத்தின் கிளியனூர், திண்டிவனம் வட்டாரம் பொருத்தமான இடம். திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி செல்லும் சாலையில் உள்ள கிளியனூர், சைவ மரபில் திருக்கிளியன்னவூர் எனப் போற்றப்படும் பழம்பதி. இவ்வட்டாரத்தில் கிறித்தவர்கள் சிறுபான்மையினர். கத்தோலிக்கர்கள் புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தவர்கள்; சீர்திருத்தத் திருச்சபையினரின் வேர், ஸ்கடர் குடும்பத்தார் 1853இல் நிறுவிய ஆர்க்காடு மிஷனில் இருக்கிறது. தாது வருடப் பஞ்சம் என மக்கள் நினைவில் நிற்கும் 1876–78 ஆம் ஆண்டுகளின் கொடும் பஞ்சக் காலத்தில் தென்னார்க்காட்டுச் சேரிகளிலிருந்து பெருந்திரளானோர் திருமுழுக்குப் பெற்றனர். எனவே இங்குள்ள பல குடும்பங்களுக்கு இவ்விழாவின் வரலாறு ஐந்தாறு தலைமுறைகளுக்கு மேல் செல்லாது. அதனாலேயே, ஒரு மரபு எவ்வாறு மரபாகிறது என்பதை இங்கு அருகிலிருந்து காண முடிகிறது.

டிசம்பர் 25 தமிழ்நாட்டில் மார்கழி பத்தாம் நாளை ஒட்டி வருகிறது. பொங்கலைப் போல அறுவடை முடிந்து களம் நிறைந்தபின் வரும் விழா அன்று இது; சம்பாப் பயிர் இன்னும் வயலில் நிற்க, வடகிழக்குப் பருவமழையின் ஈரம் காயாதிருக்க, உழவுக்கூலியை நம்பிய வீடுகளில் கையிருப்பு குறைந்திருக்கும் நேரத்தில் வருவது. புதுத்துணியும் அதிரசமும் முறுக்கும் இத்தகைய பருவத்தில் எளிதாகக் கிடைத்துவிடுவதில்லை. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அவை ஆழமான நினைவாகத் தங்குவதற்கு இவ்வருமையே காரணமாகலாம்.

பிள்ளைகளின் கைவேலை பெரும்பாலும் குடிலில் தொடங்குகிறது. குடில் என்பது இயேசு பிறந்த தொழுவத்தைச் சிறு உருவங்களால் காட்டும் அமைப்பு. இத்தாலியின் கிரேச்சோ என்ற ஊரில் அசிசி நகர் பிரான்சிஸ் 1223இல் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்தி அமைத்த காட்சியிலிருந்து இவ்வழக்கம் பரவியதாகக் கூறுவர். தமிழ்நாட்டில் அது வைக்கோல் வேய்ந்து, செம்மண் பரப்பி, தட்டில் தூவி முளைக்கவைத்த கேழ்வரகையோ கடுகையோ புல்வெளியாக வைக்கும் ஒன்றாக மாறியது. மதுரையை அடுத்த விளாச்சேரியில் நவராத்திரிக்குக் கொலுப் பொம்மை செய்யும் அதே மண்பாண்டக் கலைஞர்களே குடில் உருவங்களையும் செய்கிறார்கள். பல இடங்களில் நள்ளிரவுத் திருப்பலி வரை தீவனத்தொட்டி வெறுமையாகவே விடப்படுகிறது. குழந்தை உருவம் அதன் பின்னரே வைக்கப்படுகிறது. காத்திருத்தல் என்ற திருவருகைக் காலத்தின் கருத்தை, அதாவது கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளை உள்ளடக்கிய தயாரிப்புக் காலத்தின் கருத்தை, ஐந்து வயதுப் பிள்ளைக்கு அந்த வெற்றுத் தொட்டி உணர்த்தும் அளவுக்கு எந்த மறையுரையும் உணர்த்துவதில்லை.

குடில் கற்பிப்பதெல்லாம் விவிலியத்தில் உள்ளதன்று என்ற மறுப்பை இங்கு எதிர்கொள்ள வேண்டும். பிறப்பு நிகழ்ச்சி மத்தேயு, லூக்கா ஆகிய இரு நற்செய்திகளில் மட்டுமே உண்டு. மாடும் கழுதையும் அவ்விரண்டிலும் இல்லை, எசாயா நூலின் முதல் அதிகாரத்திலுள்ள ஒரு வசனத்தின் வழியாகவே அவை தொழுவத்துக்குள் வந்தன. கிழக்கிலிருந்து வந்த ஞானிகள் எத்தனை பேர் என்று மத்தேயு சொல்லவில்லை. மூன்று காணிக்கைகளைக் கொண்டு மரபு மூவராக்கியது. விழாவைப் பொறுத்தவரை, மூன்றாம் நூற்றாண்டு இறையியலாளரான ஒரிஜன் பிறந்தநாள் கொண்டாடுவதையே ஏற்கவில்லை. டிசம்பர் 25 என்ற நாளுக்கு உரோமில் கிடைக்கும் தொன்மையான எழுத்துச் சான்று நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பின்பும் குடிலின் மதிப்பு குறைவதில்லை; அது கதையின் சான்றாவணம் அன்று, கதைக்குள் பிள்ளையை நுழையவைக்கும் வழி.

பெற்றோர் தம் இளமைக் கால விழாவை மாறாமல் மீட்டுத்தர முயல்வதும், விழா இவ்வாறு காலந்தோறும் சேர்ந்து உருவானது என்பதால், பொருளற்றதாகிறது. இன்றைய தாத்தா பாட்டிகளில் பலர் தம் சிறுவயதில் கேட்ட நள்ளிரவுப் பூசை இலத்தீனில் நடந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட திருவழிபாட்டு ஏட்டுக்குப் பிறகே தமிழ் பீடத்தை அடைந்தது. காகித நட்சத்திரமும், தொடர் மின்விளக்கும், கடையில் வாங்கும் கேக்கும் ஒவ்வொன்றாகப் பிற்காலத்தில் சேர்ந்தவை. பிரெஞ்சு சமூகவியலாளர் மொரிஸ் ஆல்பவாக்ஸ் 1925இல் வெளியிட்ட நூலில், தனிமனித நினைவு அவன் சார்ந்த குழுவின் சட்டகத்துக்குள்தான் நிலைபெறுகிறது, குழு மாறினால் நினைவும் உருமாறுகிறது என்று விளக்கினார். சென்னைக்கும் பெங்களூருக்கும் பிழைக்கச் சென்ற குடும்பங்கள் டிசம்பரில் பேருந்து ஏறி ஊர் திரும்புவது, அச்சட்டகத்தைத் தேடிப் போவதே.

ஆயினும் விழாவின் மையம் குடில் அன்று, பலகாரத் தட்டுதான் எனலாம். விழா நாளன்று பிள்ளைகள் துணி மூடிய தட்டுகளை ஏந்தி அண்டை வீடுகளுக்குச் செல்கிறார்கள். இந்து வீட்டிலிருந்தும் முஸ்லிம் வீட்டிலிருந்தும் தட்டு வெறுமையாகத் திரும்புவதில்லை, ஒரு பிடிச் சர்க்கரையாவது அதில் இருக்கும். இவ்வழக்கத்தின் வழியே பிள்ளை அண்டையாரைப் பற்றிய கிறித்தவப் போதனையைக் கற்கிறது. அதே வேளையில், தட்டு எந்தத் தெருவுக்குச் செல்வதில்லை என்பதையும் அது கற்றுக்கொள்கிறது. அப்பாடத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சாதி கிறித்தவக் குடும்பங்களுக்குள் தலைமுறை கடந்து வருவது பெரும்பாலும் இப்படித்தான்: போதனையாக அன்று, நடந்து பழகிய பாதையாக. அன்று விழுப்புரம் மாவட்டத்திலிருந்த எறையூரில், தலித் கத்தோலிக்கர் தமக்குத் தனிப் பங்கு ஆலயம் கோரியதையொட்டி 2008 மார்ச்சில் மூண்ட மோதலும், காவல்துறைத் துப்பாக்கிச்சூட்டில் இருவர் இறந்ததும், இப்பாடத்தின் கடுமையான விளைவுகள்.

கையளித்தலுக்கு அரசாணையும் குறுக்கே நிற்கிறது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, இடஒதுக்கீட்டுக்கு வழிசெய்யும் பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் வழங்கியது. பின்னர் சீக்கியர்களும் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டனர், கிறித்தவர்கள் இன்றுவரை சேர்க்கப்படவில்லை. ஆகவே தலித் கிறித்தவக் குடும்பங்கள் பலவற்றில் வீட்டில் அழைக்கும் திருமுழுக்குப் பெயர் ஒன்று, பள்ளிச் சான்றிதழில் எழுதும் பெயர் வேறு. கிறிஸ்து பிறப்பு விழா அத்தகைய பிள்ளைக்கு, ஆண்டில் ஒருமுறை வீட்டுப் பெயரை ஊரறிய ஒலிக்கச்செய்யும் நாளாகவும் அமைகிறது.

பொருள் அறியாமல் பழகியது நம்பிக்கையா, வழக்கமா என்ற தொடக்க வினாவுக்கு யூத மரபு ஒரு தெளிவான விடையை வைத்திருக்கிறது. பாஸ்கா எனப்படும் விடுதலை விழாவைக் குறித்து விடுதலைப் பயண நூல் கூறுமிடத்தில், இவ்வழிபாட்டின் பொருள் என்ன என்று பிள்ளைகள் கேட்பார்கள் என்பதும், பெற்றோர் விடை சொல்ல வேண்டும் என்பதும் சட்டத்தின் பகுதியாகவே வைக்கப்பட்டுள்ளன. அங்கு முதலில் வருவது செயல், பிறகு கேள்வி, அதன் பின்னரே விளக்கம். பொருள் அறியாமல் செய்வது குறையன்று. கேட்கும்போது விடையில்லாமல் போவதே குறை. இருபதாம் நூற்றாண்டுக் கத்தோலிக்க இறையியலாளர் ஈவ் கொங்கார், திருச்சபை காக்க வேண்டிய ஒரே பெருமரபையும் காலப்போக்கில் ஒட்டிக்கொண்ட பல வழக்கங்களையும் வேறுபடுத்தினார். அந்த வேறுபாட்டை வீட்டுக்குள் செய்யவேண்டியவர்கள் பெற்றோரே.

லூக்காவின்படி பிறப்புச் செய்தியை முதலில் கேட்டவர்கள் இரவில் வயல்வெளியில் கிடந்த இடையர்கள். அதை நினைவில் கொண்டு, வரும் டிசம்பரில் பலகாரத் தட்டைப் பிள்ளையின் கையில் கொடுக்கும் பெற்றோர், இதுவரை தட்டு போகாத தெருவுக்கும் ஒன்றை அனுப்பட்டும். ஏன் இத்தனை நாள் அனுப்பவில்லை என்று பிள்ளை கேட்டால், மழுப்பாமல் விடை சொல்லட்டும்.