இருவகை அழைப்பிதழ்

ஆங்கிலப் புத்தாண்டு பிறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. காஞ்சிபுரத்தில் நமக்கு நெடுநாள் பழகிய பட்டு வணிகர் ஒருவர், தம் மகளின் நிக்காஹ் அழைப்பிதழுக்கு வாசகம் எழுதித் தருமாறு வந்தார். சென்னை ஆண்டர்சன் தெருவில் வாங்கிய மாதிரி அட்டைகள் ஒரு கட்டு அவர் கையில் இருந்தது. தை பிறந்துவிட்டால் அச்சகங்களில் இடம் கிடைக்காது; ரமலானுக்கு முன் மணத்தையும் முடித்தாக வேண்டும். ஆகவே அவசரம்.

நாளைக் குறிக்கும் இடத்தில் ஆங்கிலத் தேதியையும் தமிழ்த் தேதியையும் எழுதினோம். ஹிஜ்ரித் தேதி பிறையைப் பொறுத்து ஒரு நாள் முன்பின் ஆகலாம் என்று சொன்னோம். ஹிஜ்ரி ஆண்டுக் கணக்கே ஓர் எழுத்தின் குறையால் பிறந்தது அன்றோ! கலீஃபா உமர் (ரலி) அவர்களிடம் வந்த ஒரு பத்திரத்தில் ஷஅபான் என்று மட்டுமே இருந்ததாம். எந்த ஆண்டின் ஷஅபான் என்று அறிய வழியில்லை. அதன் பின்னரே, ஹிஜ்ரி 17ஆம் ஆண்டளவில், ஹிஜ்ரத்தைத் தொடக்கமாகக் கொண்டு ஆண்டு எண்ணும் முறை ஏற்பட்டதென வரலாற்றாசிரியர்கள் கூறுவர். தலைப்பில் பிஸ்மில்லாஹ்வா, 786ஆ என்றும் அன்பர் கேட்டார். குப்பையில் விழக்கூடிய தாளில் இறைநாமத்தை அச்சிட நம் மனம் ஒப்புவதில்லை என்றோம். அதோடு அப்பேச்சு முடிந்தது.

பிறகுதான் கட்டிலிருந்து இரண்டு அட்டைகளைத் தனியே எடுத்து வைத்தார். ஒன்று வெல்வெட் ஒட்டி, பொன்னெழுத்து பதித்து, பெட்டி போல் திறப்பது. மற்றது ஒற்றை மடிப்பு, சாதாரணத் தாள்.

“ஹஜ்ரத், இது நூறு பேருக்கு. இது மற்றவர்களுக்கு. இரண்டுக்கும் ஒரே வாசகம் போதுமல்லவா?”

போதும் என்று சொல்ல வாயெடுத்தோம், சொல்ல வரவில்லை.

நம் தயக்கத்தைக் கண்ட அன்பர் வாதத்துக்கு வந்தார். அவரும் ஓதியவர். மனிதர்களை அவரவர் தகுதிக்குரிய இடத்தில் வைக்குமாறு அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கும் செய்தியை நினைவூட்டினார். வந்து கேட்ட ஏழைக்கு ஒரு ரொட்டித் துண்டு கொடுத்தார்கள். நல்லுடை தரித்து வந்தவரை அமரச் செய்து உண்பித்தார்கள். காரணம் கேட்டபோது இதைச் சொன்னார்கள் என்று அபூதாவூதில் வருகிறது. எளிதில் தள்ளக்கூடிய வாதம் அன்று. எல்லாரையும் ஒரே விதமாக நடத்துவதுதான் நீதி என்று மேடையில் முழங்கிவிடலாம். வீட்டில் நாமே அப்படி நடப்பதில்லை. முதியவர் வீட்டுக்கு நேரில் போகிறோம், தூரத்து நண்பருக்குத் தொலைபேசியில் சொல்கிறோம். இதில் குற்றம் இல்லை.

ஆனால் விருந்தழைப்பைப் பற்றி இமாம் நவவி (ரஹ்) தம் மின்ஹாஜில் சில நிபந்தனைகள் வைத்திருக்கிறார்கள். அழைப்பை ஏற்பது கடமையாக வேண்டுமானால், செல்வர்களை மட்டும் பொறுக்கி அழைத்திருக்கக் கூடாது. ஒருவரது செல்வாக்குக்கு அஞ்சியோ, அதில் ஆசை வைத்தோ அழைத்திருக்கவும் கூடாது. மத்ரஸாவில் இப்பாடத்தை ஓதியபோது விருந்துண்பவருக்கான சட்டம் என்றே நினைத்தோம். அழைப்பவரின் நெஞ்சைத் துருவும் சட்டம் என்பது பின்னாளில்தான் உறைத்தது. அன்னை ஆயிஷா (ரலி) அந்த நல்லுடைக்காரரிடம் எதையும் எதிர்பார்த்து அமர வைக்கவில்லை. அன்பரின் நூறு பேர் பட்டியலிலோ, எதிர்பார்ப்பு இல்லாத பெயர் எத்தனை? தகுதிக்குத் தரும் மரியாதையும் பயனுக்குத் தரும் மரியாதையும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்; அட்டையைத் தடவிப் பார்த்து எது எதுவென்று சொல்ல இயலாது.

இதை நாம் கிதாபிலிருந்து மட்டும் அறியவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நம் மூத்த மகளின் திருமணத்துக்கு நாமும் இருவகை அச்சிட்டோம். மணச்சேலையை நெய்தவர் நம் தெருக்கோடியில் குடியிருந்த நெசவாளி. கோர்வைக் கரைச் சேலை. உடலுக்கு ஒரு நாடா, கரைக்கு வேறு நாடா, தறியில் இருவர் அமர வேண்டும். கரையின் நாடாவை அவர் மனைவி தள்ளினார். இருபது நாள் வேலை. சேலையை விற்ற கடை முதலாளிக்குப் பொன்னெழுத்து அட்டை போயிற்று. நெய்தவருக்கு ஒற்றை மடிப்பு. மணத்துக்கு இருவரும் வந்தார்கள், உண்டார்கள், வாழ்த்தினார்கள்.

ஒரு மாதம் கழித்துத் திண்ணையில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தபோது அந்த நெசவாளி கேட்டார்: “ஐயா, கடையில ஒரு பெரிய பத்திரிகை பார்த்தேன். நம்ம பாப்பா கல்யாணத்துதுதான். எங்களுக்கு வந்ததுல இல்லாத சேதி ஏதாச்சும் அதுல இருந்துதுங்களா?”

இல்லை, வாசகம் ஒன்றுதான் என்றோம்.

“அப்ப சரிங்க” என்று வேறு பேச்சுக்குப் போய்விட்டார். அவர் குறையாகக் கேட்கவில்லை. ஏதேனும் சடங்குக்கு வரத் தவறிவிட்டோமோ என்ற கவலையில் கேட்டார். அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை.

அன்னை ஜைனப் (ரலி) அவர்களின் மணவிருந்துக்கு அனஸ் (ரலி) அவர்களை அனுப்பிய நபிகள் நாயகம் (ஸல்) சிலரைப் பெயர் சொல்லி அழைக்கச் சொன்னார்கள். அத்துடன் வழியில் காண்பவரையும் அழைக்கச் சொன்னார்கள். முந்நூறு பேர் அளவில் வந்தனராம். பட்டியலும் இருந்தது, பட்டியலுக்கு வெளியே வாசலும் திறந்திருந்தது. இதை அன்பரிடம் சொன்னோம். அவர் இரு அட்டைகளையும் கட்டுக்குள் செருகி, வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று எழுந்தார்.

மூன்றாம் நாள் வந்தார். நடுத்தர விலையில் ஒரே வகை, 700 அட்டை. முடிவு செய்தவர் அவர் மனைவியார். மாப்பிள்ளை வீட்டார் குறைவாக நினைப்பார்களே என்று மட்டும் அவருக்கு அச்சம். எடுத்துச் சொல்ல நம்மையும் அழைத்தார். சென்றோம். தேநீர் தந்து அன்புடன் கேட்டுக்கொண்டார்கள். தங்கள் பக்கத்து அழைப்பிதழ் முன்பே இருவகையாக அச்சாகிவிட்டது என்றார்கள்.

அடுத்த வாரம் அது நம் வீட்டுக்கும் வந்தது. நமக்குத் தந்தது வெல்வெட் ஒட்டியது.