இறவாரம்

போர்ட் பிளேர். டெய்ரி ஃபார்ம் சாலை இன்னும் ஈரம்.

ஒரு கடைக்குச் சாரம் கட்டியிருக்கிறார்கள். பழைய பலகைச் சுவரின் மேல் இரும்புச் சட்டம். சட்டத்தின் மேல் ஏ.சி.பி. ஷீட். இரண்டு மெல்லிய அலுமினியத் தகடு, நடுவில் பிளாஸ்டிக்.

தட்டினால் டொக்கென்கிறது.

*

எதிரே, முடிந்த கடை. சிவப்பு. வெள்ளை எழுத்து.

எழுத்தின் உயரம், இடைவெளி, விளக்கின் வெளிச்சம் எல்லாம் தலைமை அலுவலகம் அனுப்பிய படத்தில் இருக்கின்றன. தாம்பரத்தில் இதே சிவப்பு. திருநெல்வேலியில் இதே சிவப்பு.

சென்னையிலிருந்து சுமார் 1,200 கிலோமீட்டர் கடல். கப்பலுக்கு ஏறக்குறைய மூன்று நாள். கடலைக் கண்ட களை அந்தக் கடையின் முகத்தில் இல்லை.

*

மழை.

பக்கத்துக் கடை பழையது. படாக் மரத்தூண். தகரக் கூரை சாலை வரைக்கும் நீண்டு நிற்கிறது. அதன் கீழே பள்ளிப் பிள்ளைகள், ஒரு மீன்கூடை, நாய். யாரும் எதுவும் வாங்கவில்லை. போகச் சொல்வாரும் இல்லை.

சிவப்புக் கடைக்கு நெற்றி இருக்கிறது. இறவாரம் இல்லை. தண்ணீர் கண்ணாடியில் நேராக வழிகிறது.

ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டர் பெய்கிற ஊர்.

*

அரிசோனாவில் செடோனா என்று ஓர் ஊர். சுற்றிலும் செம்பாறை. மஞ்சள் இங்கே ஒட்டாது என்கிறது ஊர். 1993 முதல் அங்கே மெக்டொனால்ட்ஸ் வளைவு பச்சை கலந்த நீலம்.

கேட்டால் மாற்றுகிறார்கள்.

இங்கே எந்த நிறத்தைக் கேட்பது. காட்டின் பச்சையா. தகரத் துருவின் காவியா.

*

பலகைக்கு எங்கே போவது என்பதும் இருக்கிறது.

சாத்தம் மர ஆலை 1883இல் தொடங்கியது. ஊர் முழுக்க அதன் பலகை. 2002இல் உச்ச நீதிமன்றம் அந்தமான் தீவுகளில் மரம் வெட்டுவதைக் கட்டுப்படுத்துகிறது. பலகை அரிதாகிறது. ஷீட் வருகிறது.

காடு நிற்கிறது. வீடு மாறுகிறது.

இரண்டும் அப்படியே இருக்க வேண்டும் என்கிறது மனம். சொல்லிவிட்டுப் போகட்டும்.

*

தகரத்தில் மழை. பேச்சு தானாக நிற்கிறது.

இந்தத் தகரமும் ஒரு நாள் கப்பலில் வந்ததுதான். 1829இல் லண்டனில் ஹென்றி பாமர் என்ற பொறியாளர் நெளி தகட்டுக்குக் காப்புரிமை பெறுகிறார். பிறகு நுவரெலியா, ரங்கூன், போர்ட் பிளேர். எங்கும் ஒரே நெளி. அன்று ஓலைக்காக யாராவது வருந்தியிருக்கலாம்.

தான் கண் திறந்தபோது இருந்ததைத்தான் ஊரின் முகம் என்கிறதா மனம்.

ஆனாலும் அந்தத் தகரம் சாலை வரைக்கும் நீண்டது.

*

துளையிடும் எந்திரத்தின் சத்தம். நிற்கிறது. மறுபடி.

மரத்தூள் வாசம் கொஞ்சம். பழைய பலகையில்தான் ஆணி இறங்குகிறது.

*

சிவப்புக் கடைக்காரர் நீலத் தார்ப்பாய் கட்டுகிறார். ஒரு முனை கரண்டுக் கம்பத்தில், இன்னொன்று எழுத்துக்கு மேலே. பெயரில் பாதி மறைகிறது. சாரல் உள்ளே அடிக்கிறதாம். கம்பெனி ஆள் வருகிற அன்றைக்கு மட்டும் அவிழ்ப்பாராம்.