நல்லாருக்குதா, நீயே சொல்லு

பல்லடத்துக்குப் பக்கத்தில் என் மாமாவுக்கு ஒரு தறிக்குடோன் இருக்கிறது. எட்டுத் தறி, கூலி நெசவு. முப்பது வருடத்துக்கு மேலாகப் பகலும் பாதி ராத்திரியும் அவர் அதற்குள்தான் இருந்தார். மாசி முதல் சித்திரை வரை சனிக்கிழமை ராத்திரிகளில் மட்டும் ஆளைப் பிடிக்க முடியாது. ஏதாவது ஒரு ஊர் நோம்பி மேடையில் மெல்லிசைக் குழுவோடு பேஸ் கிட்டார் வாசித்துக்கொண்டிருப்பார்.

அவரிடம் ஒரு வால்வு ஆம்ப் உண்டு. எழுபதுகளில் ஒரு ரேடியோ மெக்கானிக் மரப்பெட்டிக்குள் கட்டிக்கொடுத்தது. முன்னால் சின்ன வால்வு இரண்டு, ஈசிசி83 ரகம், பெங்களூர் பெல் நிறுவனத்தின் முத்திரையோடு. பின்னால் ஸ்பீக்கரைத் தள்ளும் பெரிய வால்வு இரண்டு, ஈஎல்34. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒருநாள், "முன்ன மாதிரி இல்ல கண்ணு, பொதபொதன்னு கேக்குது. வால்வு மாத்திப் பாக்கலாமா?" என்று கேட்டு, நெசவுக் கூலியில் சேர்த்து வைத்த பணத்தை என் கையில் கொடுத்தார்.

நான்தான் இணையத்தில் எல்லாம் படித்தவன். பெரிய வால்வு இரண்டையும் ஜோடியாக வாங்கினேன். சின்னதில் ஒன்றுக்குப் புதுசு போதும். ஆனால் சிக்னல் முதலில் நுழையும் வால்வுதான் குரலைத் தீர்மானிக்கிறது என்று படித்திருந்ததால், அந்த இடத்துக்குப் பழைய ஐரோப்பியச் சரக்கு ஒன்றைத் தேடி வாங்கினேன். மற்ற மூன்றின் விலையையும் சேர்த்தால்தான் அந்த ஒன்றின் விலை. மெக்கானிக் வந்து மாட்டிக்கொடுத்தார். ஸ்விட்சை அணைத்த பிறகும் கெபாசிட்டரில் நானூறு வோல்ட் வரை நிற்கும் என்பதால், எங்களைக் கை வைக்க விடவில்லை.

மாமா ஒரு கம்பியை இழுத்தார். "நல்லாருக்குதா, நீயே சொல்லு. எனக்குப் பாதிதான் காதுல உழுகுது."

"சூப்பரா இருக்குதுங்க மாமா" என்றேன்.

நான் சொன்னது பொய்யா என்பதுதான் அன்றிலிருந்து என்னை விடாத கேள்வி.

ஓடும் தறிகளுக்கு நடுவே பேசினால் பக்கத்தில் நிற்பவருக்கும் கேட்காது. நம் தொழிற்சாலை விதிகள் எட்டு மணி நேரத்துக்கு அனுமதிக்கும் 90 டெசிபெலைத் தறிக்குடோன் சாதாரணமாகத் தாண்டிவிடும். அப்படிக் கெடும் காது கீழிருந்து கெடுவதில்லை. முதலில் போவது 4000 ஹெர்ட்ஸ் பக்கம் உள்ள மேல் சத்தம். பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி எழுப்பும் அடிச்சுரம் 41 ஹெர்ட்ஸ்தான். அது மாமாவுக்கு இன்னும் கேட்கிறது. ஒரு வால்வுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் இருந்தால் அது பெரும்பாலும் அடிச்சுரத்தில் தெரியாது. அதன் மேல் ஏறி நிற்கும் இணைச்சுரங்களில்தான் தெரியும். அதாவது, தன்னால் சரிபார்க்க முடியாத ஒன்றைத்தான் அவர் என்னிடம் கேட்டார். கணக்குத் தெரியாதவர் ரசீதை நீட்டி "சரியா இருக்குதா?" என்று கேட்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

வால்வு மாற்றுவதே மூடநம்பிக்கை என்று நான் சொல்லவில்லை. 12ஏஎக்ஸ்7 என்றும் அழைக்கப்படும் ஈசிசி83இன் பெருக்க எண் 100. அதே சாக்கெட்டில் உட்காரும் 12ஏயூ7க்கு 20க்குள்தான். ஒன்றை எடுத்து மற்றதைச் சொருகினால் ஆம்ப் பாதி வாயை மூடிக்கொண்ட மாதிரி ஆகும். 1962இல் லண்டனில் மார்ஷல் கடைக்காரர்கள் ஃபெண்டர் பாஸ்மேன் என்ற பேஸ் ஆம்பைப் பார்த்துத் தங்களுடையதைக் கட்டியபோது, பெருக்க எண் 44 உள்ள முதல் வால்வின் இடத்தில் ஈசிசி83ஐ வைத்தார்கள். மற்ற மாற்றங்களோடு சேர்ந்து அந்த ஆம்ப் சீக்கிரமே உடைந்து கரகரக்க ஆரம்பித்தது. ராக் இசையின் கிட்டார் குரலுக்கு அதில் ஒரு பங்கு உண்டு. ஆனால் அது ரகத்தை மாற்றுவது. நான் செய்தது ரகம் மாறாமல் கம்பெனியை மட்டும் மாற்றியது.

டேவிட் ஹ்யூம் 1757இல் ரசனையைப் பற்றி எழுதிய கட்டுரையில், டான் கிஹோத்தே நாவலிலிருந்து ஒரு கதையை எடுத்துச் சொல்கிறார். இரண்டு பேர் ஒரு பீப்பாய் ஒயினைச் சுவைக்கிறார்கள். ஒருவர் லேசாகத் தோல் வாடை என்கிறார். மற்றவர் இரும்பு வாடை என்கிறார். ஊரே சிரிக்கிறது. பீப்பாய் காலியான பிறகு பார்த்தால், அடியில் தோல்வார் கட்டிய ஒரு பழைய சாவி. நுட்பமான ரசனை கற்பனை அல்ல என்பதற்கு ஹ்யூம் இதைச் சொல்கிறார். நான் வேறு பக்கத்திலிருந்து வாசித்தேன். அவர்கள் சொன்னதைச் சோதிக்க ஒரு பீப்பாய் இருந்தது. "சூப்பர்" என்று நான் சொன்னதற்கு என்ன பீப்பாய் இருக்கிறது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். மாமா வாசித்த நாலு வரியை ஃபோனில் பதிந்து, அதையே ஆம்புக்குள் விட்டோம். கொஞ்சம் சத்தம் கூடினாலே காது அதை 'நல்ல டோன்' என்று நினைத்துக்கொள்ளும் என்பதால், ஒவ்வொரு தடவையும் மீட்டர் வைத்து அளவைச் சமப்படுத்தினோம். நடுவில் ஒரு போர்வை. பெரிய வால்வுகளில் பழசு எது, புதுசு எது என்று நாலு தடவையும் தடுமாறாமல் சொன்னேன். பழையவை ஓய்ந்துபோய், ஓங்கி இழுத்தால் உடைந்தன. அடுத்து சின்ன வால்வு. விலையுயர்ந்த சரக்குக்கும் மாமாவின் பழைய பெல் வால்வுக்கும் இடையே பத்துத் தடவை. ஆறு சரி, நாலு தப்பு. காசைச் சுண்டிப் போட்டாலும் அவ்வளவு வரும்.

ரசனைக்கு இப்படிப் பரீட்சை வைக்கலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். கேட்பது என்பதே பாதி மனம்தானே என்றார். உண்மைதான். மாமா பேஸ் கற்றதே இளையராஜா பாட்டுகளில் சசிதரன் வாசித்ததைச் சின்ன டேப் ரெக்கார்டரில் திரும்பத் திரும்பக் கேட்டுத்தான். கையகல ஸ்பீக்கரால் 41 ஹெர்ட்ஸை எழுப்பவே முடியாது. 82, 123, 164 என்று மேலே உள்ளவை மட்டும் வரும். இல்லாத அடிச்சுரத்தை நம் கேள்விப்புலனே கட்டிக்கொள்கிறது. டீக்கடை ரேடியோவில் நாம் கேட்ட பேஸ் எல்லாம் பாதி நாமே உண்டாக்கியது. அது ஏமாற்று இல்லை. ஆனால் அந்த இட்டுநிரப்பல் போர்வை போட்டாலும் எல்லோருக்கும் அதே மாதிரி நடக்கிறது. நான் கேட்ட 'கதகதப்பு' போர்வை போட்டதும் போய்விட்டது. முதலாவதைக் கட்டியது காது. இரண்டாவதைக் கட்டியது விலை.

வீட்டில் இன்னொரு வாதம் வந்தது. "அவரு சந்தோசமா இருக்காரு, உட்ருங்களேன்." குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மையாக நிற்கலாம் என்று வள்ளுவர்கூட இடம் கொடுத்திருக்கிறார். நானும் கொஞ்ச நாள் அதற்குள் ஒளிந்துகொண்டேன். அந்த நிபந்தனையை எனக்கே வைத்துப் பார்த்தபோதுதான் உறுத்தியது. என் பொய்யால் நன்மை யாருக்கு? புது ஈஎல்34 போட்டதில் மாமாவுக்கு வேண்டியது ஏற்கெனவே கிடைத்துவிட்டது. 'சூப்பர்' என்ற வார்த்தை காப்பாற்றியது, அடுத்தவர் கூலிப்பணத்தில் ஆசைப்பட்டு வாங்கிய என்னைத்தான். பரிசோதிக்க முடியாதவரிடம் சொல்லும் ஆறுதலில், யாருக்கு ஆறுதல் என்று பார்த்துவிடுவது நல்லது. வைத்தியத்திலும் ஜோசியத்திலும் வியாபாரத்திலும் இதேதான்.

அந்த வால்வின் விலையை எண்ணி எடுத்துக்கொண்டு போய் விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப அந்தச் சின்னது சும்மாவா?"

"சும்மா இல்லீங்க மாமா. வேலை செய்யுது. ஆனா பழைய வால்வே இதைச் செய்யும். இதை நான் எடுத்துக்கறேன்."

பணத்தை எண்ணாமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "அன்னிக்கே நெனச்சேன். கம்பி நிக்கறதுக்குள்ளயே நல்லாருக்குதுன்னுட்டயே" என்றார். பிறகு ஸ்டூலை ஆம்ப் பெட்டிக்குப் பக்கத்தில் இழுத்து, முழங்கால் மரத்தில் படும்படி உட்கார்ந்து, வழக்கமாக வாசிக்கும் பாட்டை ஆரம்பித்தார்.

இந்தத் தடவை பாட்டு முடியும்வரை நான் வாயைத் திறக்கவில்லை.

"இப்பச் சொல்லு."

"மூணாவது கம்பி கொஞ்சம் எறங்கியிருக்குதுங்க மாமா."

குனிந்து முறுக்காணியைத் திருகினார். "இப்ப?"

"இன்னுங் கொஞ்சம்."